தீராத பாயிண்டுகள்

ரத்தம் குழாயில் ஏறத் தொடங்கியதும் குழந்தைவேலு கண்ணை மூடிக்கொண்டார். அது தூக்கமில்லை என்று மனைவி வசந்தாமணிக்குத் தெரியும். பஸ் பாடி கட்டும் பட்டறையில் யாராவது அளவைத் தப்பாகச் சொன்னாலும் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், சொன்னவன் திட்டு வாங்கத் தயாராக நிற்பான், இவர் கண்ணைத் திறந்து "இன்னொருக்கா அளந்து பாரு" என்பார், அவ்வளவுதான். இப்போது பட்டறையை மகன் பிரகதீஷ் பார்த்துக்கொள்கிறான். இவர் வாரத்தில் மூன்று மத்தியானம் இந்த டயாலிசிஸ் அறையில் படுத்து மிஷின் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். வெளியே கரூரின் மார்ச் மாத வெயில், உள்ளே ஏசி எலும்பு வரைக்கும் இறங்குகிறது, வசந்தாமணி சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், கையில் போன். ஹாலிடே கிளப்காரப் பெண் சாயங்காலத்துக்குள் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாள். கூப்பிடட்டும், கூப்பிடாவிட்டாலும் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டாள், நினைத்துக்கொண்டே சத்தம் கூட்டி வைத்திருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்தாள். காலையில் கார் ஏறும்போது அவர் சொன்னது காதிலேயே இருந்தது. "நீ சாந்தாவக் கூட்டிக்கிட்டு எங்காச்சும் ஒரு வாரம் போய்ட்டு வா. பாயிண்டெல்லாம் இந்த மாசத்தோட போகுதுங்கறாங்களே." சாந்தா அவளுடைய தங்கை, தாராபுரத்தில் இருக்கிறாள். "நல்லாருக்குது, உங்கள இப்படி உட்டுப்போட்டு நான் ஊர் சுத்தறதாக்கும்" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பதில் ரொம்ப சீக்கிரமாக வந்துவிட்டது, அதுதான் உறுத்தியது. யோசித்துச் சொல்கிறவள் கொஞ்சம் நிறுத்திச் சொல்லியிருப்பாள். உள்ளே ஏதோ ஒன்று துள்ளி எழுந்ததை அமுக்குவதற்காகத்தான் அவ்வளவு வேகமாகச் சொன்னோம் என்பது கார் பாலத்தைத் தாண்டும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பாயிண்ட் என்ற வார்த்தையை முதலில் கேட்டபோது அவளுக்கு ப்ளக் பாயிண்ட்தான் நினைவுக்கு வந்தது, வண்டிக்குள் விளக்குக்கு எத்தனை பாயிண்ட், ஃபேனுக்கு எத்தனை பாயிண்ட் என்று வீட்டில் எந்நேரமும் போனில் ஓடிக்கொண்டிருந்த காலம். கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் ஏதோ சீட்டில் பெயர் எழுதிப் போட்டு, பரிசு விழுந்திருக்கிறது வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு ஓட்டலுக்குக் கூப்பிட்டார்கள். போனால் பிரியாணி போட்டு, திரையில் மலையும் கடலுமாகக் காட்டி, கோட்டு மாட்டிய ஒரு சின்னப் பெண் எதிரே வந்து உட்கார்ந்து "மேடம், உங்களுக்கு எந்த இடத்துக்குப் போகணும்னு ஆசை?" என்று கேட்டாள். அதுவரைக்கும் யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. "தெரியலைங்களே" என்றாள். அந்தப் பெண் சிரித்தாள், கேலியாக இல்லை. குழந்தைவேலு அதற்குள் அட்டவணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வருஷா வருஷம் இத்தனை பாயிண்ட் நம் பெயரில் வந்து சேரும், அதைக் கொடுத்து எந்த ஊரில் வேண்டுமானாலும் அவர்கள் விடுதியில் தங்கிக்கொள்ளலாம், அந்த வருஷம் போகாவிட்டால் அடுத்த வருஷத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். இருபத்தைந்து வருஷத்துக்கு. அதற்குப் பிறகு அந்தக் கம்பெனிப் பையன்கள் பட்டறைக்கே தேடிக்கொண்டு வந்தார்கள், சார் இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பெரிய வீடே கிடைக்கும், சமையலறையோடு, நாலு பேருக்குப் பதில் எட்டுப் பேர். "போடு" என்றார். அடுத்த தரமும் "போடு" என்றார். பிளைவுட் ஆர்டர் கொடுக்கிற மாதிரி. சிறியதாக ஒன்றை வாங்க அந்த மனிதருக்குத் தெரியாது, பாத்திரக்கடையில் விட்டால் அண்டாவைத்தான் தூக்கிக்கொண்டு வருவார். வெட்டிப் பெருமை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள் வெகுநாள். பிறகு ஒரு நாள், நோய் வந்த புதிதில், அவரே சொன்னார், "வேலையெல்லாம் பையன் கையில குடுத்துட்டு, நாம ரெண்டு பேரும் ஊர் ஊராத் தங்கலாமுன்னு இருந்தேன்." அதை அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். அவள் "மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஒரே ஒரு தரம் போனார்கள், ஏற்காட்டுக்கு, பிரகதீஷ் சின்னப் பையனாக இருந்தபோது. அறைக்குள் நுழைந்தால் கட்டிலில் துண்டை மடித்து அன்னம் மாதிரி செய்து வைத்திருந்தார்கள், கழுத்தும் அலகும் அப்படியே அன்னம்தான். பிரகதீஷ் அதைப் பிரிக்க விடவே இல்லை, பிரித்தால் செத்துப்போகும் என்று அழுதான், அதனால் மூன்று பேரும் கட்டில் ஓரத்தில் ஒடுங்கிப் படுத்தார்கள், நடுவில் அன்னம் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. மறுநாள் விடிந்ததும் பட்டறையிலிருந்து போன், பாடி கட்ட ஏதோ சேஸிஸ் வந்து நிற்கிறது, கண்ணாடி அளவு சேரவில்லை. பல் துலக்கினதும் கிளம்பி வந்துவிட்டார்கள். அவ்வளவுதான் அவர்கள் இரண்டு பேரும் அனுபவித்த பாயிண்ட். மீதியெல்லாம் மற்றவர்கள் போனார்கள். ஃபோர்மேன் மகளுக்கு மூணாறில் தேனிலவு. கொழுந்தனார் குடும்பம் கோவாவுக்கு, வரும்போது முந்திரிப் பொட்டலம். மகனுடைய சிநேகிதர்கள் எங்கெங்கோ. "அக்கா, ஒரு ரூம் போட்டுக் குடுங்களேன்" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், இவள் அந்தக் கிளப்புக்குப் போன் போட்டு, தமிழுக்கு எந்த எண், பதிவுக்கு எந்த எண் என்று மனப்பாடமாக அமுக்கி, மேடம் மேடம் என்று பேசி வாங்கிக் கொடுப்பாள். அவர்கள் போன இடத்திலிருந்து படம் அனுப்புவார்கள். ஜன்னல், ஜன்னலுக்கு அப்பால் மரம், மர நாற்காலி, அதில் யாரோ ஒரு சித்தப்பா. சித்தப்பாவை விரல் வைத்து மறைத்துவிட்டு நாற்காலியைப் பார்ப்பாள். அவள் போகாத அறைகள் எல்லாம் அவளுக்குத் தெரியும், எதில் கெட்டில் இருக்கிறது, எதில் குளியலறைக் கதவு மேலே இடிக்கும் என்பது வரைக்கும்.

எவ்வளவு கொடுத்தும் தீரவில்லை. வைரஸ் வந்த வருஷங்களில் யாரும் எங்கும் போகவில்லை, அதெல்லாம் சேர்ந்துகொண்டது, போனில் கணக்கைத் திறந்தால் மலைப்பாக ஒரு எண் நிற்கிறது. அதில் பெரும் பங்கு இந்த மாதக் கடைசியோடு போய்விடும், இப்போது அறை போட்டுவிட்டால் தங்குவது பிறகு எப்போதும் இருக்கலாம் என்று அந்தப் பெண் காலையில் விளக்கினாள். புதுப் பெண், பெயர் ஷ்ருதிகா, பொறுமையாகப் பேசினாள். மே மாதம், வாரக்கடைசி, பெரிய வீடு என்றால் பாயிண்ட் தண்ணீராய் ஓடும். மழைக்காலம், செவ்வாய் புதன், சின்ன அறை என்றால் ஒன்றுமே போகாது. வசந்தாமணிக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு ஒரு டயாலிசிஸ் மத்தியானத்துக்கும் அடுத்த மத்தியானத்துக்கும் நடுவே என்ன கிடைக்கும், ஒரு ராத்திரி, ஞாயிறு வந்தால் இரண்டு. கூட்டம் கூடாது, சளி பிடிக்கக் கூடாது, படி ஏறக் கூடாது. அவர்கள் போகக்கூடிய இடமெல்லாம், போகக்கூடிய நாளெல்லாம், யாருக்கும் வேண்டாத நாள்கள், எல்லாவற்றிலும் மலிவான நாள்கள். அப்படி ஒவ்வொரு ராத்திரியாகச் செலவு பண்ணினால் அந்த எண் இந்த ஜென்மத்தில் கரையாது. எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் தொட முடியாமல் இருக்கிறது. பெரிய சம்பில் தண்ணீர், மொண்டுகொள்ள ஸ்பூன். அதனால்தான் அவளே கேட்டாள், "ஏம்மா, உங்க விடுதிக்குப் பக்கத்துல எங்காச்சும் டயாலிசிஸ் பண்ற ஆஸ்பத்திரி இருக்குதுங்களா? மலைப்பக்கமா இருந்தா நல்லது." ஷ்ருதிகா, "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல மேடம், விசாரிச்சுட்டுக் கூப்பிடறேன்" என்றாள். உண்மையிலேயே விசாரிப்பாள் என்று தோன்றியது. அதுதான் இந்தக் காத்திருப்பு.

விசாரித்து இல்லை என்று சொல்லிவிட்டால். அந்த நினைப்பு வந்ததும் அதன் வாலைப் பிடித்தமாதிரி இன்னொன்று வந்தது, இல்லை என்று சொல்லிவிட்டால் நல்லது. நல்லதா, யாருக்கு நல்லது. அவள் நிமிர்ந்து மிஷினைப் பார்த்தாள், சக்கரம் மாதிரி ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது, அவர் கையிலிருந்து போகிற குழாயை இரண்டு விரலால் தொட்டால் சூடாக இருக்கும், முதல் நாள் தொட்டபோது பயந்துபோனாள், உடம்புக்கு வெளியே ஒரு மனுஷனுடைய சூடு. இப்போது பழகிவிட்டது. எல்லாம் பழகிவிட்டது, உப்பை நிறுத்தினது, காய்கறியை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டுவது, இளநீரை வாசலோடு அனுப்புவது. தண்ணீர் மட்டும்தான் பழகவில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து பாட்டிலில் ஊற்றி வைக்கிறாள், அவர் அதை மூடியில் ஊற்றி நாக்கை நனைத்துக்கொள்கிறார், அதனால் அவர் கண்ணுக்கு முன்னால் இவள் தண்ணீர் குடிப்பதில்லை. யாரும் சொல்லவில்லை, தானாக வந்த பழக்கம். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, தொண்டைச் சத்தம் வராமல், திருடி மாதிரி. சித்திரை மாதத்துத் தாகத்தைக்கூட அப்படித்தான் தணித்துக்கொண்டாள். மனசில் ஒரு அறை எழுந்தது, அதில் அவள் மட்டும், ஒரு சொம்பு தண்ணீரை அண்ணாந்து மடக் மடக் என்று குடிக்கிறாள், நெஞ்செல்லாம் நனைகிறது, வெளியே மழை. சாந்தா இல்லை. சாந்தா வந்தால் பேசிக்கொண்டே இருப்பாள், பாவம் மாமா, பாவம் நீ என்று. யாரும் வேண்டாம். மாத்திரை நேரத்துக்கு போன் அலறாது. மத்தியானம் தூக்கம் வந்தால் தூங்கலாம். அந்த அறையை அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், ஒரு நாற்காலி, ஒரு தலையணை, ஒரு ஜோடிச் செருப்பு, ஒரு டம்ளர். அங்கேதான் ஏதோ சிக்கிக்கொண்டது. ஒரு ஜோடிச் செருப்பு. அது மலைமேல் இருக்கிற அறையாக இல்லாமல் வீட்டு வாசலாக மாறிவிட்டது, வாசலில் ஒரு ஜோடிச் செருப்புத்தான் கிடக்கிறது. சீ, என்ன நினைப்பு இது. அவள் தலையை உதறிக்கொண்டாள். நினைத்ததை எடுத்துவிட முடியாது, நினைத்தாயிற்று. தனியாக மூன்று நாள் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவள் மிச்ச நாளெல்லாம் தனியாக இருப்பதற்கு ஒத்திகை பார்க்கிறவளா. இல்லை. இல்லையென்றால் ஏன் அந்த அறையில் அவர் இல்லை. ஏனென்றால் அவர் வந்தால் உப்பும் வருகிறது, பாட்டிலும் வருகிறது, பயமும் வருகிறது, அவரை மட்டும் கூட்டிக்கொண்டு போக வழியில்லை. பட்டறையிலிருந்து மரத்தூள் வாசத்தோடு வருவாரே, அந்த மனுஷர் வருவதானால் அவள் இந்த நிமிஷமே இரண்டு பேருக்கும் போட்டுவிடுவாள். இதற்கு அடியில் இன்னொரு பயம் இருந்தது, அதைத் தொடவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அவள் இல்லாத மூன்று நாளும் ஒன்றும் ஆகாமல், எல்லாம் நல்லபடியாகவே நடந்துவிட்டால்.

மிஷின் கூவியது. குழந்தைவேலுவின் நெற்றியில் வேர்வை துளிர்த்திருந்தது, உதடு வெளுத்திருந்தது. ஜெனிட்டா, இந்தப் பிரிவைப் பார்க்கிற டெக்னீஷியன், எதிர்க் கட்டிலிலிருந்து வந்தாள், அவசரமில்லாத நடை. "அப்பா, பிரஷர் கொஞ்சம் இறங்கிருக்கு, பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தினாள், ஒரு பொத்தானை அமுக்கினாள், சலைன் கொஞ்சம் உள்ளே போனது. "காலு" என்றார் குழந்தைவேலு. கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. வசந்தாமணி எழுந்து பாதத்தை உள்ளங்கையில் வாங்கி மேல்நோக்கித் தள்ளினாள், இன்னொரு கையால் கெண்டையை உருவிவிட்டாள். இது வழக்கமானதுதான், மாதத்தில் இரண்டு மூன்று தரம் வரும். இருந்தாலும் அந்த நேரத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு குரல் கேட்டது, நீ நினைத்தாய், அதனால்தான் வந்தது. இல்லை, காலையில் அவர் ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார், நேற்று எடை கூடியிருந்தது, அதனால் வந்தது. இரண்டு குரலும் மாறி மாறிப் பேசின, அவள் கை மட்டும் தன் பாட்டில் உருவிக்கொண்டிருந்தது. மெதுவாகத் தசை இளகியது. "போதும் புள்ள" என்றார். "இன்னும் கொஞ்சம் இருங்க." "போதுங்கறேன். உங் கை சில்லுன்னு இருக்குது." அவர் முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. ஜெனிட்டா எழுதிக்கொண்டு போனாள். அப்போதுதான் ஸ்டூலில் வைத்திருந்த போன் அடித்தது.

வராந்தாவுக்கு வந்தாள். வெக்கை முகத்தில் அடித்தது, குளிர்ந்த உடம்புக்கு அது இதமாகக்கூட இருந்தது. "மேடம், ஷ்ருதிகா பேசறேன். குன்னூர்ல நம்ம ரிசார்ட் இருக்கு, அங்கிருந்து ஊட்டிக்குக் கார்ல ஒரு மணி நேரம், ஊட்டியில டயாலிசிஸ் இருக்கு. நானே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேன் மேடம், முன்னாடியே ரிப்போர்ட் அனுப்பிட்டா வெளியூர்க்காரங்களுக்கும் எடுத்துப்பாங்களாம்." அந்தப் பெண் சந்தோஷமாக இருந்தாள், ஒரு நல்ல காரியம் பண்ணின சந்தோஷம், அது குரலில் தெரிந்தது. வசந்தாமணி "ரொம்ப நன்றிம்மா" என்றாள், மனசாரச் சொன்னாள். "ஜூலைல போட்டா மழை இருக்கும் மேடம், பரவால்லயா?" "பரவால்லம்மா." "பால்கனி இருக்கற ரூமா பார்க்கட்டுமா?" "பாரும்மா." "ரெண்டு பேர்னு போட்டுக்கட்டுமா மேடம்?" வராந்தாவில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள், அவள் சுவரோரம் ஒதுங்கி வழி விட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பெண் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள், வழி இருக்கிறது, ஒரு மணி நேரம், மலை வளைவு, அவர் வாந்தி எடுப்பார், தெரியாத ஊசி, தெரியாத கை, இவள் அங்கேயும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள், ஜன்னலுக்கு வெளியே ஊட்டி இருக்கும். இருக்கட்டுமே, அவருக்கு ஒரு மாற்றம். அவருக்காகத்தானே கேட்டாய். அவருக்காகத்தான் கேட்டேன். "மேடம், லைன்ல இருக்கீங்களா?" "இருக்கறேம்மா" என்றாள். "இந்தத் தரம் ஒருத்தருக்குப் போடு. மூணு ராத்திரி. ரெண்டு பேருக்குச் செப்டம்பர்ல தனியா ஒண்ணு போடு, பாயிண்ட்தான் கெடக்குதே." அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. "ஓகே மேடம். முதல் புக்கிங், பேர்?" "வசந்தாமணி" என்றாள். எத்தனையோ பேருடைய பெயரை இந்தப் போனில் எழுத்துக் கூட்டிச் சொல்லியிருக்கிறாள், சொந்தப் பெயரைச் சொல்ல நாக்குக் கொஞ்சம் தடுமாறியது.

திரும்பி வரும் வழியில் ஒரு பொய் தயாராக வந்து நின்றது. அங்கே டயாலிசிஸ் கிடையாதாம், அதனால் நான் மட்டும். சுலபமான பொய், யாருக்கும் வலிக்காது, அவரே போகச் சொன்னவர்தானே, தலையை ஆட்டிவிடுவார். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவரைப் பார்த்தாள். இங்கிருந்து பார்த்தால் போர்வைக்குள் அவர் சின்னதாகத் தெரிந்தார், கை மட்டும் பெரிது, மரமும் தகரமும் தூக்கின கை. கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பொய்யையும் அவர் கேட்பார். இன்னொருக்கா அளந்து பாரு என்று சொல்லமாட்டார், அதுதான் தாங்காது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். "ஏனுங்க." "ம்." "அந்தப் புள்ள கூப்பிட்டுது. குன்னூர்ல ரூம் இருக்குதாமா. ஊட்டியில டயாலிசிசும் இருக்குதாமா." அவர் கண்ணைத் திறக்கவில்லை. "அப்படியா" என்றார். "ரெண்டு பேருக்கும் செப்டம்பர்ல ஒண்ணு போட்டிருக்கறேன். அதுக்கு முந்தி ஜூலைல நான் மட்டும் போய்ட்டு வாரேன். சாந்தாவும் இல்ல. நான் மட்டும்." சொல்லி முடித்ததும் மிஷின் சத்தம் பெரிதாகக் கேட்டது. அவர் அப்படியே கிடந்தார். கோபமா, தூக்கமா, இல்லை கணக்குப் போடுகிறாரா, முப்பத்தைந்து வருஷம் பார்த்த முகம், இப்போது ஒன்றும் படிக்க முடியவில்லை. "எத்தன நாளு?" "மூணு ராத்திரிங்க." "பஸ்லயா கார்லயா?" "பஸ்லதான் போலாமுன்னு." "கோயமுத்தூர் வரைக்கும் எந்த வண்டியிலயும் போ. மேட்டுப்பாளையத்துல மலை பஸ் ஏறறப்ப பின்சக்கரத்துக்கு அப்பால உக்காராத, வளைவுல வாரித் தூக்கும். முன்னாடி மூணாவது வரிசை. ஜன்னலோரம் உக்காரு, ஷட்டர மேல தள்ளிக் கொக்கி மாட்டிப் பாரு, மாட்டலைன்னா அடுத்த சீட்டுக்கு மாறிக்க. இல்லாட்டி வழியெல்லாம் மழைல நனைவ." "சரிங்க" என்றாள். "கண்டக்டர் பின்னாடி போகச் சொன்னா போகாத." "சரிங்க."

பிறகு அவர் உண்மையிலேயே தூங்கிப்போனார், வாய் லேசாகத் திறந்துகொண்டது. அவள் மழையை நினைக்கப் பார்த்தாள், வரவில்லை, ஷட்டரும் கொக்கியும்தான் வந்தன, அவருடைய விரல் அந்தக் கொக்கியை இழுத்துப் பார்க்கிற விதம் வந்தது. அதுவும் போய் ஒன்றுமே நினைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள், அப்படி உட்கார்ந்து வெகு நாளாகியிருந்தது. வெயில் தாழ்ந்து எதிர்ச் சுவரில் ஏறியபோது ஜெனிட்டா வந்து அப்பா அப்பா என்று எழுப்பினாள், மிஷினை நிறுத்தி, ரத்தத்தையெல்லாம் திருப்பி ஏற்றிவிட்டு, ஊசி ஒவ்வொன்றாக எடுத்தாள். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை வைத்துக் கொஞ்ச நேரம் விடாமல் அமுக்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் பீறிடும், எப்போதும் வசந்தாமணிதான் அமுக்குவாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கையை நீட்டினாள். குழந்தைவேலு வலது கையைச் சுற்றிக் கொண்டுவந்து பஞ்சின்மேல் தானே இரண்டு விரலை வைத்துக்கொண்டார். "நானே புடிக்கறேன்" என்றார். "பழகோணுமில்ல." விரல் கொஞ்சம் தள்ளிப் பட்டது, பஞ்சின் ஓரத்தில் சிவப்புக் கசிந்தது. அவள் அவர் விரல்களைப் பிடித்துச் சரியான இடத்துக்கு நகர்த்தி, "இங்கங்க, இன்னும் கொஞ்சம் அமுத்தி" என்றாள். அவர் அமுத்தினார். கசிவு நின்றது. அவள் தன் கையை எடுத்தாள், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கணம் அந்தரத்தில் வைத்திருந்தாள், பிறகு மடியில் வைத்துக்கொண்டு, அவர் அமுத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தபடி இருந்தாள்.